போன் நிறைய வொய்ஸ் நோட், கையில புரோகிராம் இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில இருக்கிறன். ஏ/எல் முடிச்ச பிள்ளையள், கம்பஸ் முடிச்ச பிள்ளையளை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ற கோச்சிங் செய்யிறன், கொஞ்சப் பேர் வீட்டுக்கு வருவினம், மற்றவை சூம்ல. அநேகமா எல்லாரும் தமிழ் மீடியம். ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியா இருந்து கதைச்சுக் களைச்சிட்டன், அதால ஆறு கிழமைக்கு ஒரு புரோகிராமாப் போட்டு குரூப்பா நடத்துவம் எண்டு யோசிக்கிறன். எனக்கு ஐடியா வாறதெல்லாம் 100ஆம் நம்பர் பஸ்ஸில கோட்டைக்குப் போகேக்க, இல்லாட்டி சமைக்கேக்க. உடன வாட்ஸப்பில எனக்கே ஒரு வொய்ஸ் நோட் போட்டு வச்சிடுவன். இப்ப அது நூத்துக்கணக்கில கிடக்குது. இருந்து கேட்டா பாதி என்னத்துக்குச் சொன்னன் எண்டே விளங்கேல்ல, மிச்சம் ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறன். பேசாம கொப்பி பேனைக்கே போயிடட்டோ? இன்னொண்டு, நல்லா வந்த நோட்டுகளை அப்பிடியே பிள்ளையளுக்கு அனுப்பலாமோ?

– ஒரு வாசகி, கொழும்பு 6

தங்கச்சி,

கொப்பிக்குப் போகாதீங்க. உங்கட வேலை வாயால செய்யிற வேலை. கொப்பியைத் திறந்தா 'தன்னம்பிக்கையின் அவசியம்' எண்டு தலைப்புப் போட்டு அடியில கோடு கீறத்தான் கை போகும், ஆனா ஒரு பிள்ளைக்கு முன்னால இருந்து நீங்க அப்பிடிக் கதைக்க மாட்டீங்கதானே. பஸ்ஸில வாறது உங்கட உண்மையான கதை, அதை விடக்கூடாது.

ஆனா நீங்க உங்களுக்கே கதைக்கிறீங்க, பிரச்சினை அங்கதான் இருக்கு எண்டு நினைக்கிறன். எங்களுக்கு நாங்களே கதைக்கேக்க எல்லாம் தெரிஞ்ச ஆளோட கதைக்கிற மாதிரி முக்கால்வாசியை விழுங்கிப் போடுவம். "ஆ, அந்தக் கொன்ஃபிடன்ஸ் விசயம், அண்டைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொன்னது, அதை மூண்டாவது செஷன்ல போடோணும்" எண்டு ஒரு நோட் இருந்தா, அண்டைக்கு அது போதும், ஏன் எண்டா அந்தப் பிள்ளையின்ட முகம் இன்னும் கண்ணுக்கு முன்னால நிக்குது. ஒரு மாசம் போனாப் பிறகு எந்தப் பிள்ளை, என்ன சொன்னனீங்க, ஒண்டும் அதில இல்லை.

அதால ரெக்கோர்ட் பட்டனை அமத்த முதல் ஒரு பிள்ளையை நினைச்சுக்கொள்ளுங்க, அந்தப் பிள்ளைக்கே சொல்லுங்க. இப்பிடி: "தம்பி, டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப் எண்டு கேட்டவுடன நீ பேர், ஊர், அப்பா என்ன வேலை, எத்தனை சகோதரம் எண்டு போறாய், அவைக்கு அதெல்லாம் உன்ட சீவியில கிடக்குது. அவை கேக்கிறது இந்த வேலைக்கு நீ ஏன் வந்தனீ எண்டுதான். நீ கடையில அப்பாவுக்கு ஸ்டொக் கணக்குப் பாத்தனீயெல்லோ, அதில தொடங்கு, ரெண்டு வசனம் சொல்லு, பிறகு படிப்பைச் சொல்லு. இப்ப எனக்குச் சொல்லிக் காட்டு." இதைச் சொல்ல ஒரு நிமிசமும் ஆகாது. ஆனா இதுக்குள்ள என்னெல்லாம் இருக்குது பாருங்க: பிள்ளை வழமையா எங்க சறுக்குது, ஏன் அது சரிவராது, பதிலுக்கு என்ன செய்யலாம், கடைசில ஒரு பயிற்சியும் வந்திட்டுது. ஒரு செஷனின்ட அரைவாசி வேலை அங்கயே முடிஞ்சுது. வேற யோசனை ஒண்டும் தேவையில்லை, இதை டைப் பண்ணி வச்சுக்கொண்டு குரூப்பில இருக்கிற ஒவ்வொருத்தரிட்டயும் 'உன்ட வீட்டில, கடையில, கோயில்ல, ஸ்கூல்ல நீ பொறுப்பெடுத்துச் செய்த ஒரு வேலையைச் சொல்லு' எண்டு கேட்டாச் சரி. தமிழ் மீடியத்துப் பிள்ளையளிட்ட இப்பிடியான அனுபவம் நிறையக் கிடக்குது, அதை இங்கிலீஷ்ல ரெண்டு வசனமாச் சொல்லலாம் எண்டதை மட்டும் ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல. உங்கட புரோகிராமின்ட பெரிய பெறுமதியே அதுதான் எண்டு நான் நம்புறன்.

ஒண்டு மட்டும், ரெக்கோர்ட் பண்ணேக்க பேர் சொல்லாதீங்க. 'தம்பி', 'தங்கச்சி' போதும். 100 பஸ்ஸில பக்கத்து சீட்டில இருக்கிறவ வெள்ளவத்தையிலயே இறங்கிற ஆளாக்கூட இருப்பா, அந்தப் பிள்ளையின்ட அம்மாவைத் தெரிஞ்சவவாக்கூட இருப்பா. ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன வீட்டுப் பிரச்சினை, காசுப் பிரச்சினை உங்கட போன்ல பேரோட கிடக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டும் எங்கட நாட்டில இருக்குது, ஆனா சட்டம் இல்லாட்டியும் இதைத்தான் சொல்லியிருப்பன்.

அடுத்தது, ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறன் எண்டு கவலைப்படுறீங்க. அதைப் பாத்து நான் சந்தோசப்படுறன். வேற வேற பிள்ளையளைப் பாத்திட்டு, வேற வேற நாளில, யோசிக்காமலே ஒரே விசயத்துக்கு வந்து நிக்கிறீங்க எண்டா அதுதான் உங்கட புரோகிராமின்ட நடு. அழிச்சுப்போடாதீங்க. எந்த விசயம் கூடத் தரம் வருது எண்டு பாருங்க, முதல் ரெண்டு கிழமையை அதுக்கே குடுங்க. ஒரே ஒரு தரம் மட்டும் வந்த மினுக்கமான ஐடியாக்கள் இருக்கும், கேக்க நல்லா இருக்கும், அதுகளை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

கேக்கிறதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க, கிழமைக்கு ஒருக்கா, ஞாயிறு பின்னேரம் மாதிரி. சேத்துச் சேத்து வச்சா ஆரும் கேக்க மாட்டினம், நீங்களும் கேக்க மாட்டீங்க. வாட்ஸப்பில 2021இல இருந்து ஒண்டரை மடங்கு, ரெண்டு மடங்கு ஸ்பீட்ல கேக்கலாம், அப்பிடி ஓட விட்டுக் கேளுங்க. நல்ல நோட் ஒண்டு வந்தா அதை வலப்பக்கம் இழுத்து ரிப்ளையில நாலு சொல்லு டைப் பண்ணுங்க, 'இன்டர்வியூ முதல் கேள்வி கடை' எண்ட மாதிரி. வொய்ஸ் நோட்டுக்குள்ள என்ன கிடக்குது எண்டு வாட்ஸப்பில தேட ஏலாது, ஆனா இந்த நாலு சொல்லைத் தேடினா ரிப்ளை வரும், அதைத் தட்டினா நோட் வரும். இதை மட்டும் செய்தாலே உங்கட நூத்துக்கணக்கான நோட்டில பாவிக்கக்கூடியது எது எண்டு பிரிஞ்சு வந்திடும், விளங்காததுகளோட மல்லுக்கட்டாதீங்க, விட்டிடுங்க.

தானா எழுத்தா மாத்திற வசதியைப் பற்றியும் யோசிப்பீங்க. 2024 கடைசில வாட்ஸப்பே ட்ரான்ஸ்கிரிப்ட் கொண்டு வந்தது, ஆனா தொடக்கத்தில குடுத்த மொழிகள்ல தமிழ் இல்லை. கூகுள் டொக்ஸ்ல வொய்ஸ் டைப்பிங் இருக்குது, மொழி லிஸ்ட்டில தமிழ் இலங்கை எண்டு தனியாவே எடுக்கலாம், எண்டாலும் நாங்க கதைக்கிற 'எண்டு', 'கேக்கேக்க' எல்லாம் அதுக்குள்ள போய் வேற ஏதோவாத்தான் வரும், நடுவில இங்கிலீஷும் கலந்தாச் சொல்லி வேலை இல்லை. எழுத்தா வேணுமெண்டா வீட்டில அமைதியா இருந்து, நல்ல நோட்டை ஒருக்காக் கேட்டிட்டு, நீங்களே திரும்பச் சொல்லி அதில ஏத்துங்க. ரெண்டாந்தரம் சொல்லேக்க தேவையில்லாதது தானாக் கழண்டு போயிடும்.

கோச்சிங் படிச்சிருந்தா 'க்ரோ' மொடல் தெரிஞ்சிருக்கும், ஜோன் விட்மோர் பிரபலப்படுத்தினது: இலக்கு என்ன, இப்ப எங்க நிக்கிறாய், என்னென்ன வழி இருக்குது, என்ன செய்யப்போறாய். அந்த நாலு பெட்டியை முதல்ல கீறிப்போட்டு நோட்டுகளை அதுக்குள்ள திணிக்காதீங்க, அப்பிடிச் செய்தா எல்லாரின்ட புரோகிராமும் மாதிரித்தான் உங்களுடையதும் வரும். நோட்டுகளை ஒழுங்குபடுத்தின பிறகு எது குறையுது எண்டு பாக்கிறதுக்கு எடுங்க. உங்களிட்ட 'இப்பிடிச் செய்' எண்டது நிறைய இருக்கும், பிள்ளை இப்ப எங்க நிக்குது எண்டு கேக்கிற கேள்விதான் குறைவா இருக்கும் எண்டு எனக்குப் படுது. வழி சொல்லேக்க வாய் தானாத் திறக்கும், கேள்வி கேக்கிறதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், ஓடுற பஸ்ஸில அது வராது. அந்த இடத்தை மட்டும் மேசையில இருந்து யோசிச்சு நிரப்புங்க.

இனி உங்கட கடைசிக் கேள்வி. பிள்ளையளுக்கு அனுப்பலாம், கட்டாயம் அனுப்புங்க, ஆனா பஸ்ஸில சொன்னதை அப்பிடியே வேண்டாம், அது இன்னொரு பிள்ளையை நினைச்சுச் சொன்னது. புதுசா, அமைதியான இடத்தில, ரெண்டு நிமிசத்துக்குள்ள, ஒரு விசயம் மட்டும். கடைசில ஒரு கேள்வி கேட்டு, பதிலையும் வொய்ஸ் நோட்டிலயே இங்கிலீஷ்ல அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப முதல் அவை தங்கட குரலைத் தாங்களே கேட்டு, பிடிக்காம அழிச்சு, திரும்பச் சொல்லுவினம், இன்டர்வியூவுக்கு அதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்கு. தொடக்கத்தில குரூப்பில போடச் சொல்லாதீங்க, வெக்கப்படுவினம், உங்கட நம்பருக்குத் தனியா வரட்டும். மூண்டாம் கிழமை அளவில, விரும்பினவை மட்டும் குரூப்பில போடலாம் எண்டு சொல்லிப் பாருங்க.