பாட்டியின் கோல நோட்டோடு நியூயார்க் புத்தகக் கண்காட்சிக்கு

கேள்வி: ஜெர்சி சிட்டியில் இருக்கிறேன். என் பாட்டியின் கோல நோட்டில் இருந்த கோலங்களைத் திரும்ப வரைந்து, 22 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமாக வீட்டு பிரிண்டரிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறேன். இதைப் புத்தகம் என்று சொல்லலாமா என்றே தயக்கம். நியூயார்க் ஆர்ட் புக் ஃபேருக்கு முதல் முறையாகப் போக நினைக்கிறேன். பேச்சு, பயிலரங்கு, கையெழுத்து நிகழ்ச்சி, தொடக்க நாள் இரவு என்று நிறைய இருக்குமாம். எனக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். எதற்குப் போவது, எதை விடுவது? என் புத்தகத்தை யாரிடமாவது காட்டலாமா?

பதில்: முதலில் அந்தத் தயக்கத்தை விடுங்கள். 1963-இல் எட் ருஷே என்ற ஓவியர் இருபத்தாறு பெட்ரோல் பங்க்குகளைப் படமெடுத்து, 400 பிரதி அச்சிட்டு ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. ‘நூலகம் நிராகரித்த புத்தகம்’ என்பதையே அவர் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார். இன்றைக்குக் கலைஞர்கள் தாங்களே படைப்பாகச் செய்யும் கலைப் புத்தகங்களின் வரலாற்றை அந்தப் புத்தகத்தைத் தொடாமல் யாரும் எழுதுவதில்லை. இந்தக் கண்காட்சியை நடத்தும் ‘பிரிண்டட் மேட்டர்’ அமைப்பும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். 1976-இல் கலைஞர் சோல் லெவிட், கலை விமர்சகர் லூசி லிப்பார்ட் முதலானோர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். கலைஞர் செய்த புத்தகம் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கண்காட்சி 2006-இல் ஆரம்பித்தது. உங்கள் கோலப் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சென்னைப் புத்தகக் கண்காட்சியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே பத்து சதவீதக் கழிவு, பில், பை என்று வேகமாக நகர்வோம். இங்கே மேசைக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைத் தன் கையால் செய்தவர். அவரிடம் பேரம் பேசுவது வழக்கமில்லை. ‘இதை எப்படி அச்சிட்டீர்கள்?’ என்று கேட்டால் கால் மணி நேரம் முகம் மலரப் பேசுவார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் உங்கள் இரண்டு நாளில் பெரும்பகுதியை ஒதுக்கச் சொல்வேன்.

நானும் முதல் முறை ஒரு கண்காட்சிக்குப் போனபோது, காலையிலிருந்து மாலை வரை ஓர் உரையிலிருந்து இன்னோர் உரைக்கு ஓடிக்கொண்டே இருந்தேன். நோட்டு நிறையக் குறிப்பு. கடைசியில் மேசைகளைப் பார்க்க வந்தால், முதல் நாள் ஆசையோடு புரட்டிய கையச்சுப் புத்தகம் ஒன்று தீர்ந்து போயிருந்தது. மொத்தமே அறுபது பிரதி, மறுபதிப்பு கிடையாது. அந்தக் குறிப்புகளை அப்புறம் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்காக உரைகளை ஒதுக்கிவிட வேண்டாம். நியூயார்க் கண்காட்சியில் ‘தி கிளாஸ்ரூம்’ என்ற உரை வரிசை பெயர் பெற்றது. 2009 முதல் 2019 வரை கண்காட்சி மோமா பிஎஸ்1 என்ற கலை அருங்காட்சியகக் கட்டடத்தில் நடந்தது. அது ஒரு பழைய பள்ளிக்கூடம், பெயரில் உள்ள ‘பிஎஸ்’ என்பதே பப்ளிக் ஸ்கூல்தான். (அதற்கப்புறம் இடம் மாறியதும் உண்டு, கிளம்பும் முன் அந்த வருடத்து முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) உரைகளில் ஒரு நாளைக்கு ஒன்று போதும். பிரபலமான பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், குடும்ப ஆல்பம், வீட்டுக் கையெழுத்து, கைவினைக் குறிப்பு என்று உங்கள் நோட்டுக்குப் பக்கத்தில் வரும் தலைப்பாகப் பாருங்கள். இருக்கைகள் குறைவு, கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.

ரைசோ அச்சு பற்றிப் பயிலரங்கோ செய்முறை விளக்கமோ இருந்தால், மற்ற எதை விட்டாலும் அதை விடாதீர்கள். ரைசோ என்பது பார்க்க ஜெராக்ஸ் மெஷின் மாதிரி இருக்கும் ஜப்பானிய இயந்திரம். வேலை செய்வதோ ஸ்க்ரீன் பிரிண்டிங் மாதிரி. ‘மாஸ்டர்’ என்ற மெல்லிய தாளில் சூட்டால் நுண்ணிய துளைகள் போடும், அந்தத் தாள் மை நிறைந்த டிரம்மில் சுற்றிக்கொள்ளும், துளைகள் வழியாக மை காகிதத்தில் இறங்கும். ஒரு டிரம்முக்கு ஒரு நிறம்.

உங்கள் புத்தகத்தை இதில் யோசித்துப் பாருங்கள். புள்ளிகள் ஒரு நிறம், அவற்றைச் சுற்றி ஓடும் இழை இன்னொரு நிறம், ஓரத்துக்குக் காவியை ஒட்டி ஒரு சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கோப்பு, எல்லாமே கறுப்பு வெள்ளையில் தயார் செய்ய வேண்டும். ஆனால் ரைசோவில் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு நிறத்தோடு அடுத்த நிறம் பொருந்துவது, அச்சு அசலாக உட்காராது, ஒரு மில்லிமீட்டராவது நகரும். பூப்படத்தில் அந்த நகர்வு அழகு. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொட்டுவிட்டால், கோலம் போடத் தெரிந்த எவருக்கும் கண்ணில் உறுத்தும். அதனால் புள்ளியைக் கொஞ்சம் சிறிதாக்கி, இழைக்கும் புள்ளிக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டராவது விட்டு வரைந்துகொள்ளுங்கள். மை காகிதத்தில் ஊறித்தான் காய வேண்டும், அதனால் வழவழப்பான ஆர்ட் பேப்பர் சரிப்படாது. மாஸ்டருக்குத்தான் செலவு, அப்புறம் பிரதிக்குப் பிரதி மலிவு. பத்துப் பிரதிக்கு இது கட்டுப்படியாகாது, நூறுக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். பயிலரங்கில் இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நியூயார்க்கிலேயே ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரி நடத்தும் ‘ரைசோலேப்’ அச்சுக்கூடத்தில் வகுப்புகள் உண்டு.

பக்கக் கணக்கையும் சரிசெய்யுங்கள். சென்டர் பின் அடித்தாலும் நூலால் தைத்தாலும், நடுவில் மடித்த புத்தகம் நான்கின் மடங்கில்தான் நிற்கும். 22-ஐ 24 ஆக்குங்கள். கூடுதல் இரண்டு பக்கத்தில் ஒன்றில் பாட்டியின் நோட்டுப் பக்கம் ஒன்றை அப்படியே, எண்ணெய்க் கறையோடு போடலாம். மற்றதில் பாட்டியின் பெயர், ஊர், அச்சிட்ட வருடம், எத்தனை பிரதி என்ற விவரம். இந்த விவரப் பக்கத்தைத்தான் கலைப் புத்தகம் சேகரிப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். கண்காட்சியில் தையல் கற்றுக்கொடுத்தால் மூன்று துளைத் தையலைக் கேளுங்கள்: நடுத் துளையில் நுழைந்து, மேல் துளைக்குப் போய், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளைக்கு வந்து, திரும்ப நடுவில் முடிச்சு. ஐந்து நிமிட வேலை.

தொடக்க நாள் இரவுக்குக் கட்டணம் இருக்கும், டிக்கெட்டோடு கலைஞர் ஒருவர் செய்த படைப்பு தருவதும் வழக்கம், இசையும் உண்டு. குறைந்த பிரதியில் வந்த புத்தகம் எதையாவது குறி வைத்திருந்தால் போகலாம். கூட்டத்தில் நின்று பேச முடியாது, அதனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். கையெழுத்து நிகழ்ச்சிகளும் அப்படியே, பிடித்தவர் இருந்தால் மட்டும்.

இனி புத்தகத்தைக் காட்டுவது. விற்பதற்கு உங்களுக்கென்று ஒரு மேசை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், இந்த வருடம் அதை யோசிக்காதீர்கள். மேசையில்லாமல் விற்பதும் முறையில்லை. ஆனால் ஜைன் (சொந்தமாக அச்சிடும் சிறு இதழ்) போடுபவர்களுக்குள் பண்டமாற்று உண்டு. பத்துப் பிரதி பையில் வைத்துக்கொண்டு, சிறு வெளியீட்டாளர்கள் உட்காரும் பகுதிக்குப் போங்கள். முதலில் அவர்கள் புத்தகத்தை முழுதாகப் புரட்டுங்கள். யாரும் வாங்க நிற்காத நேரமாகப் பார்த்து, ‘நானும் ஒன்று செய்திருக்கிறேன், மாற்றிக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். மறுப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு மேசை வாடகை, பயணச் செலவு எல்லாம் இருக்கிறது. ஞாயிறு கடைசி ஒரு மணி நேரம் இதற்கு நல்ல நேரம், மிச்சப் பிரதிகளைச் சுமந்துகொண்டு ஊர் திரும்ப யாருக்கும் மனம் வராது. அதனால் உங்கள் இரண்டு நாளில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். பாட்டியின் அசல் நோட்டைக் கொண்டுபோகாதீர்கள், போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

நியூயார்க்கின் செல்சி பகுதியில் பிரிண்டட் மேட்டருக்குச் சொந்தக் கடை இருக்கிறது, கலைஞர்கள் தாங்களாகவே புத்தகம் அனுப்பலாம். அதை ரைசோ பதிப்பு வந்த பிறகு செய்யுங்கள். இது போன்ற கடைகள் பொதுவாக விற்பனை விலையில் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும், விலை வைக்கும்போதே அதைக் கணக்கில் சேருங்கள்.

அடுத்த முறை சென்னைக்குப் போனால் திருவான்மியூரில் தாரா புக்ஸ் கட்டடத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். கையால் செய்த காகிதத்தில் ஸ்க்ரீன் பிரிண்ட் செய்து கையாலேயே தைத்த புத்தகங்களை அங்கே தொட்டுப் பார்க்கலாம். மையின் கனம் விரலில் தெரியும்.

ஒன்று விட்டுவிட்டேன். கண்காட்சிக்குப் போகும்போது கெட்டியான அட்டை உறை ஒன்றும் சில வெள்ளைத் தாள்களும் எடுத்துப் போங்கள். ரைசோ மை பல நாள் கழித்தும் ஒட்டும். நீங்கள் மாற்றி வாங்கிய புத்தகங்களுக்கு இடையில் தாள் வைத்து அடுக்குங்கள்.