பளபளக்கும் காசுக்கு மார்க் அதிகமா?

கேள்வி: ஏழாம் எட்வர்ட் வெள்ளி ரூபாயில் 1903 முதல் 1910 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து, ஆன்லைன் செட் ரிஜிஸ்ட்ரியில் (சேகரிப்புகளுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தும் தளம்) போட்டிக்குப் பதிந்திருக்கிறேன். ஒரே ஒரு வருடம் பாக்கி. முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் அந்த வருடத்துக் காசு இரண்டு ஸ்லாபில் (தரம் பார்த்த நிறுவனம் காசை வைத்து மூடி லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி) இருக்கிறது. ஒன்று கண்ணைப் பறிக்கிறது. லேபிளில் ‘யுஎன்சி டீடெயில்ஸ், கிளீன்ட்’ (புழங்காத காசு, ஆனால் தேய்த்து விளக்கியது). மற்றது கறுத்துத் தேய்ந்தது, ‘விஎஃப் 35’ (வெரி ஃபைன், தரம் 35). விலை ஏறக்குறைய ஒன்றுதான். பளபளப்புக்குத்தான் மார்க் கூட வரும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்?
- காரைக்குடி வாசகர்

பதில்: போட்டிக்கு என்றால் கறுத்த காசைத்தான் வாங்க வேண்டும். கடைக்காரருக்கு வெள்ளி தெரியும். ரிஜிஸ்ட்ரிக் கணக்கு தெரியாது.

தரம் 1 முதல் 70 வரையிலான எண். கை மாறிக் கை மாறித் தேய்ந்தால் எண் இறங்கும், அவ்வளவுதான். தேய்மானத்தைச் சேதம் என்று யாரும் சொல்வதில்லை. புளி போட்டுத் தேய்ப்பது, துளை போடுவது, காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து அப்புறம் அறுத்து எடுப்பது, இவைதான் சேதம். நம் பக்கத்து வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளிச் சாமானோடு ரூபாயையும் சேர்த்து விளக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட காசு அசல் என்று நிறுவனம் சான்று தரும், எண் தராது. ‘டீடெயில்ஸ்’ என்றால் அதுதான் அர்த்தம்.

ரிஜிஸ்ட்ரி மதிப்பெண் அந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனத்தின் முறையில் ஒவ்வொரு காசின் தரத்தையும் அது எவ்வளவு அரிது என்பதற்கேற்ற வெயிட்டேஜால் பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள். காலி இடத்துக்குப் பூஜ்யம். இன்னொரு அமெரிக்க நிறுவனமான என்ஜிசி, தரத்தையும் அரிய தன்மையையும் பார்த்துக் காசுக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்துக் கூட்டுகிறது. எண் இல்லாத காசைச் செட்டில் இடம்பிடிக்கவாவது விடுவார்களா என்பது அந்தந்த ரிஜிஸ்ட்ரியின் விதியைப் பொறுத்தது. விட்டாலும் எண் உள்ள காசின் பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் 7 காசும் 60 தரம், எட்டுக்கும் ஒரே வெயிட்டேஜ் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சராசரி 52.5. ‘விஎஃப் 35’ சேர்த்தால் 56.9. டீடெயில்ஸ் காசுக்குப் புள்ளி இல்லை என்றால் பணம் போட்டும் அதே 52.5தான். பாக்கியுள்ள வருடம் கிடைப்பதற்கு அரியதாகி, அதன் வெயிட்டேஜ் மட்டும் 3 என்றால்? காலியாக இருக்கும்போது 42. தேய்ந்த காசு வந்ததும் 52.5. கிடைக்காத காசில் சுமாரான எண் இருந்தாலே இவ்வளவு தூக்கிவிடும்.

பிசிஜிஎஸ் ரிஜிஸ்ட்ரி என்றால் ஸ்லாபும் பிசிஜிஎஸ் ஆக இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் லேபிளில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அடித்துப் பாருங்கள். போட்டி வேண்டாம், வீட்டு ஆல்பத்துக்கு என்றால் டீடெயில்ஸ் காசும் நல்ல காசுதான். ஆனால் ‘விஎஃப் 35’ விலைக்கு அல்ல. 11.66 கிராம் எடையில் 91.7 சதவீதம் வெள்ளி. அந்த வெள்ளி விலையிலிருந்து மேலே பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பிரிட்டிஷ் டாலர், 1902. முகப்பெல்லாம் சீன முத்திரை குத்தியிருக்கிறது. இதுவும் சேதமா? அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாமா?
- தேவகோட்டை வாசகி

பதில்: காசில் நிற்கும் பெண் உருவத்தின் கையிலுள்ள சூலத்தின் நடு முனையில் ‘பி’ என்று சின்ன எழுத்து இருந்தால் உங்கள் டாலர் பம்பாயில் அடித்தது. முத்திரைகள் சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்தியவை. பழைய கணக்கில் அது சேதம்தான். ஆனால் ஆசிய வணிகத்துக்காக அமெரிக்கா அடித்த டிரேட் டாலரில் முத்திரை விழுந்தவற்றைத் தனி வகையாக வைத்து எண் கொடுத்தே தரப்படுத்துகிறது பிசிஜிஎஸ். வியாபாரம் விட்ட தழும்புக்கும் சபீனா விட்ட கீறலுக்கும் வித்தியாசம் உண்டுதானே. தயவுசெய்து விளக்கிவிடாதீர்கள்.

அனுப்புவது மட்டும் வேண்டாம். 100 ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘அனுப்பி வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஸ்லாபின் படத்தில் ‘டீடெயில்ஸ்’ என்ற சொல் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கையில் வந்ததும்தான் பார்த்தேன். விற்றவர் திருப்பி வாங்க மறுக்கிறார்.
- புதுவயல் வாசகர்

பதில்: விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. ஸ்லாபைத் திறக்காதீர்கள். எழுத்தில் பணம் திரும்பக் கேட்டுவிட்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.