செல்ஃபி எடுத்தீர்கள், சேதி சொன்னீர்களா?

கேள்வி: 1996 உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடிய ஒருவர்தான் என் சிறு வயது நாயகன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்தோம். குஞ்சியப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற, இறுதிப் போட்டியை வானொலியில் கேட்டோம். அண்மையில் அந்த வீரர் யாழ்ப்பாணம் வந்தபோது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் காத்திருந்து சந்தித்தேன். "சேர், நான் உங்கள் பெரிய ரசிகன்" என்றேன். "நன்றி" என்றார். படத்துக்கு நின்றார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாயகர்களைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது போலும். பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடும் என் மகள் இப்போது இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தைச் சந்திக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அழைத்துப் போகலாமா? அவளுக்கும் இந்த ஏமாற்றம் எதற்கு என்று யோசிக்கிறேன்.
— வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். வீரரின் பெயரை நீக்கியதும் நான்தான். அரை நிமிடச் சந்திப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை அச்சில் நிறுத்திக் குறை சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கடிதத்தில் எல்லா விபரமும் இருக்கிறது. அவர் போட்டிருந்த சட்டையின் நிறம், கைகுலுக்கியபோது அவருடைய கை எவ்வளவு தளர்வாக இருந்தது, படம் எடுக்கும்போது அவர் பார்வை எந்தக் கதவின் பக்கம் போனது, உங்களுக்கு முன்னால் நின்ற வங்கி அதிகாரியுடன் எவ்வளவு நேரம் சிரித்துப் பேசினார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று தேடினேன். அது மட்டும் இல்லை. கேட்கவே இல்லை என்றுதான் தெரிகிறது.

"நான் உங்கள் பெரிய ரசிகன்" என்ற வாக்கியத்துக்கு ஒருவர் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? "அப்படியா, எவ்வளவு பெரிய?" என்று கேட்பாரா? நன்றி என்றுதான் சொல்வார். சொல்லியிருக்கிறார். கேட்ட அளவுக்குக் கிடைத்தது, கணக்கு நேராகிவிட்டது.

இத்தனைக்கும் அந்த வரவேற்பறையில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு சேதி உங்களிடம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் யாழ்ப்பாணம் மொத்தமாகப் பெயர்ந்து, செம்மணி வெளியால், கொடிகாமம் இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தது. ஐந்து மாதமும் ஆகாத நிலையில், 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இறுதிப் போட்டி. 1990-இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. ஆகவே சைக்கிள் தலைகீழானது. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின் சில்லு ஓட, டைனமோவிலிருந்து கம்பி வானொலிக்குப் போனது. வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் மங்கும். மறுபடி சுற்றினால் குரல் எழும்பும். அதற்குள் ஒரு விக்கெட் போயிருக்கும். யார் போனது என்று தெரியாமல் சுற்றியவருக்கு ஏச்சு விழும்.

அன்று அது பகலிரவு ஆட்டம். அவுஸ்திரேலியா 50 ஓவர்களில் 241 ஓட்டங்கள். இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்துவிட்டது. ஜயசூரியவும் களுவிதாரணவும் போன பிறகு சுற்றுகிற கைக்கு என்ன உற்சாகம் இருந்திருக்கும்? அதற்குப் பிறகுதான் குருசிங்கவின் 65, அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107, ரணதுங்கவின் ஆட்டமிழக்காத 47. மூன்று விக்கெட்டுகளோடு 245 ஓட்டங்கள், 46.2 ஓவர்களில். அதாவது உங்கள் குஞ்சியப்பா அத்தனை ஓவர்களுக்கும் பெடலைச் சுற்றியிருக்கிறார். அவருக்குக் கடிதத்தில் ஒரு வாக்கியம். ஹோட்டல் கைகுலுக்கலுக்கு ஒரு பக்கம். அவர் இருக்கிறாரென்றால் போய்க் கேளுங்கள், எந்த ஓவரில் கை மாற்றினார் என்று. அப்படிக் கேட்பதை அவர் நெடுங்காலமாக எதிர்பார்த்திருக்கவும் கூடும்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். அந்த நாட்களில் இலங்கை அணி வெல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது எல்லா வீடுகளிலும் இலகுவாக இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இந்தியாவின் பக்கம். கல்கத்தாவில் அரையிறுதியின்போது ரசிகர்கள் போத்தல் எறிந்து ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டபோது, அந்தப் பாதிப் பேர் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மிச்சப் பேருக்கும் மனம் முழுதாக மகிழ்ச்சியில் இல்லை. தங்கள் ஊரின்மீது குண்டு போடும் அரசின் கொடியோடு ஆடும் அணியின் ஆட்டத்தை, அந்த அரசு தடுத்த பற்றரி இல்லாமல், சைக்கிளைச் சுற்றிக் கேட்ட பையன் நீங்கள். மறுபக்கத்தில் அந்த வீரர்களும் நிம்மதியாக ஆடவில்லை. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு ஆட வர மறுத்தன. போர் எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியும். தங்கள் ஆட்டம் இந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லக்கூடிய ஆள் எதிரே வந்து நின்றார், கைத்தொலைபேசியை நீட்டினார்.

"சேர், நீங்கள் லாகூரில் ஆடியதை நாங்கள் கொடிகாமத்தில் சைக்கிளைச் சுற்றிக் கேட்டோம்." இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். இதைக் கேட்ட பிறகும் அவர் கதவின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது பெயரோடு போடலாமா என்று யோசிக்கிறேன்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விளம்பரதாரர் ஒருவரின் அழைப்பில் வந்தவர். நம் ஊரில் ஒரு விளையாட்டு வீரர் கையில் அகப்பட்டால் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மேளதாளத்தோடு வாசலிலிருந்து மேடைவரை அழைத்துப் போவோம். மாலை, பொன்னாடை, அதன்மேல் இன்னொரு பொன்னாடை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. வாழ்நாளில் மட்டையைத் தொடாதவர்கள் அவருக்குக் கிரிக்கெட்டின் மகிமையை விளக்குவார்கள். வெயிலில் நிற்கும் பிள்ளைகளிடம் அவரை ஐந்து நிமிடம் விட்டுவைக்க மட்டும் எவருக்கும் தோன்றாது. இவ்வளவையும் கடந்து வரவேற்பறைக்கு வந்தவர் கதவைத்தான் பார்ப்பார்.

தூரத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அதை ஏற்கெனவே திறம்படச் செய்துவருகிறோம். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952-இல் ஹெல்சிங்கி, 1956-இல் மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்தவர். 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கையின் முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். பிற்காலத்தில் கல்விப் பணிக்காக வடக்குக்கு வந்து போனவர். நம்முடைய கூட்டங்களில் நம்மோடு உட்கார்ந்திருந்தவர். 2024-இல் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அந்த 2.03 தவறாமல் இருந்தது. எப்படி விழுந்தார் என்பது நான் வாசித்த எதிலும் இல்லை. சிரிக்க வேண்டாம். அவர் பாய்ந்த காலத்தில் இன்றைய நுரை மெத்தைகள் இல்லை. முதுகைத் தடிக்குக் காட்டிப் பாயும் முறையை அமெரிக்க வீரர் டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது 1968-இல். எதிர்வீரசிங்கம் காலத்தில் பாய்ந்தவர்கள் மணலிலோ மரத்தூளிலோ போய் இறங்க வேண்டும். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து கணுக்கால் முறியாமல் இறங்குவதே தனி வித்தை. அதைக் கேட்க எத்தனை வாய்ப்புகள் இருந்தன! நாம் பொன்னாடை போர்த்தினோம்.

மகளுக்கு வருகிறேன். தாராளமாக அழைத்துப் போங்கள். 2018-இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலும், 2019-இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்திலும் ஆடிய யாழ்ப்பாணத்துப் பெண்ணைச் சந்திக்க ஒரு சிறுமி ஆசைப்படுவதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு நிபந்தனை மட்டும். உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. தர்ஜினியின் உயரம் 2.08 மீற்றர். அதை அவருக்கு நினைவூட்டாத மனிதரை அவர் இதுவரை சந்தித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

கேட்க வேண்டியது வேறு. வலைப்பந்தாட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, 2.08 என்றாலும் இன்னும் ஒரு மீற்றர் மிச்சம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தபோது ஊன்றிய காலைத் தூக்கலாம். ஆனால் அதை மறுபடி தரையில் வைப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மூன்று விநாடிதான் அவகாசம். தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பார். ஆகவே உயரப் பந்தைப் பிடிக்கும் முன்பே காலை எங்கே வைப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது? பந்து எறிபவரின் கையில் இருக்கும்போதா, காற்றில் வரும்போதா? பந்தைப் பார்ப்பாரா, பின்னால் முட்டும் ஆளின் தோளை உணர்ந்து நகர்வாரா? உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. தடுப்பவள் என்றால் இன்னும் நல்லது: "அக்கா, உங்களைத் தடுத்தவர்களில் யார் உங்களுக்கு அதிகம் தொல்லை கொடுத்தார், எப்படிக் கொடுத்தார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் நீளமாகத்தான் வரும்.

கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆடுகிற பிள்ளைக்குத் தன் விளையாட்டில் எது பிடிபடவில்லை என்று தெரியும். அவள் தடுமாறும்போது இடையில் புகுந்து, "இவள் உங்கள் பெரிய ரசிகை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு பந்தைக் கொண்டுபோங்கள். படம் எடுப்பதா இல்லையா என்பதை மகள் முடிவு செய்யட்டும்; அதுவரை கைத்தொலைபேசி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.