செல்போன் டவருக்கும் கம்பி உண்டு

கேள்வி: இருபது வருடமாகக் கேபிள் டிவி நடத்துகிறேன். இன்று ஆளுக்கொரு செல்போன். மாதம் பத்து வீட்டிலாவது கனெக்சனை வெட்டச் சொல்கிறார்கள். கம்பியில்லாத காலத்தில் கம்பியை நம்பியவன் எப்படிப் பிழைப்பது? (பெயர் வேண்டாம்), தங்கச்சிமடம்.

பதில்: உங்கள் கரைக்கு முதலில் வந்ததே கம்பியில்லாத டிவிதானே, ஐயா! 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி என்ற அரசு டிவி தொடங்கியதும் பாம்பன், மண்டபம் பக்கம் வசதியுள்ள வீட்டு மாடிகளில் ஆன்டெனா தாங்கிய இரும்புக் குழாய் முளைத்தது. கடல்மேல் சூட்டுக்காற்றும் குளிர்காற்றும் அடுக்காக நிற்கிற நாளில் டிவி அலை வளைந்து வெகுதூரம் ஓடும், படம் பளிச்சென்று விழும். மறுநாள் திரை முழுக்க அரிசியைக் கொட்டியது போலப் புள்ளி. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் “இன்னும் கொஞ்சம்... போச்சு, பழைய இடத்துக்கே கொண்டா” என்று கத்த வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்துத்தான் உங்கள் தொழில் காலூன்றியது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டருக்குத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தபோதும் சனங்கள் கேபிள்காரர்களிடம்தான் வந்தார்கள். கம்பி மேல் உள்ள பாசத்தினால் இல்லை. தெளிவான படமும் நிறைய சேனலும் கிடைத்தன.

உங்கள் மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், காசுச் சேனலுக்குத் தனிக் காசு. தனி உடன்பாடு இல்லாவிட்டால் அந்த 130-இல் அப்போது உங்கள் பங்கு 45 சதவீதம், அதாவது 58 ரூபாய் 50 காசு. அதில்தான் ஆள் சம்பளம், ஏணி, ஒயர் எல்லாம். இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ மாதக்கணக்கில் டேட்டாவைச் சும்மா கொடுத்தது. சும்மா கொடுப்பவனோடு யார் போட்டி போடுவது?

சரி, அந்த செல்போன் டவரின் அடியில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் ஒரு கறுப்பு ஒயர் மண்ணுக்குள்ளிருந்து ஏறிப் பெட்டிக்குள் நுழையும். அதுதான் ஃபைபர் என்கிற கண்ணாடி இழை. அங்கெல்லாம் கம்பியில்லாத பயணம் டவரிலிருந்து கை வரைக்கும்தான். சாயங்காலம் ஊரே ஒரு டவரை இழுக்கும்போது கிரிக்கெட் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது வீட்டுக்கு வேண்டியது ஒரு பிராட்பேண்ட் கனெக்சன். தெருவும் கம்பமும் உங்கள் கையில். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை உங்களுக்குத் தெரியும். வெளியூர் கம்பெனிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

உப்புக்காற்றில் உங்கள் கனெக்டர்கள் பச்சை பூத்துப் போவதை நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்குத் துரு இல்லை. ஒரே இழையைப் பிரித்து 32 வீட்டுக்குக் கொடுக்கலாம். மூட்டுப் பெட்டிகளை மட்டும் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். இணைய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இதைச் செய்யும் ஆபரேட்டர்கள் தமிழ்நாட்டில் நிறைய. நீங்களோ வசூல் நோட்டோடு மட்டும் தெருவுக்குப் போயிருக்கிறீர்கள்.

அப்புறம், கனெக்சன் போய்விட்டது என்று ஃபோன் வந்தால் எடுங்கள். “நாளைக்கு ஆள் வரும்” என்ற பதிலை நானே மூன்று நாள் தொடர்ந்து கேட்டிருக்கிறேன். ஆள் வந்தபோது தொடர் முடிந்திருந்தது.