புளி மண்டியும் நெல்லிக்கனியும்

பயனற்றுக் கிடக்கும் பழைய கட்டடத்தைப் படிப்பகமாகவோ சமூகக் கூடமாகவோ மாற்றும்போது உள்ளூர் வரலாற்றை அதில் எவ்வாறு சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரிக்காரன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: சுவரில் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் ஓவியம். தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்டவன் என்பதால் அவனுக்கு அந்த இடம் உரியதுதான். ஆனால், எனக்குத் தெரிந்த ஒரு பழைய புளி மண்டிக் கொட்டகையைப் படிப்பகமாக்கியபோது, தராசு தொங்கிய இரும்புக் கொக்கியை அறுத்தெறிந்துவிட்டு, எடைக்கணக்குக் கிறுக்கியிருந்த சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் நெல்லிக்கனியை வரைந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கென்றே இருந்த வரலாறு அன்றைக்கே போய்விட்டது. ஆகவே, முதலில் கட்டடம் என்ன வேலை செய்தது என்பதைக் காப்பாற்றுங்கள். அங்கே மூட்டை தூக்கியவர்களிடம் பேசிக் குறித்துவைத்த பிறகு மன்னர்களிடம் போகலாம்.

பழைய வருவாய்த்துறைக் கட்டடமாக இருந்தால் சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த பாராமகாலில்தான், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில்தான், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டனர். நிலம் அளந்த சங்கிலி, பட்டா, பயிர்க் கணக்கான அடங்கல் ஆகியவற்றின் வழியாக இதை விளக்கினால், பட்டா மாற்றலுக்காக அலைந்தவர் எவரும் நின்று படிப்பார்.

நடுகல் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களுக்கு வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துடன் நட்ட கற்கள் இம்மாவட்டங்களில் ஏராளம். தருமபுரியில் அவற்றுக்கென அகழ்வைப்பகமே (தொல்பொருள் அருங்காட்சியகம்) இருக்கிறது. ஆனால், வயலோரத்தில் நிற்கும் பல கற்கள் வேடியப்பன் என்னும் ஊர்த் தெய்வமாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கூடத்துக்கு அழகாக இருக்குமென்று அவற்றைப் பெயர்த்துவருவது, ஒரு வரலாற்றைக் காட்ட இன்னொன்றை அழிப்பதாகும். கல்வெட்டின் மைப்படியை, அதாவது கல்மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை, சட்டமிட்டு மாட்டி, கீழே அதன் வாசகத்தை இன்றைய எழுத்தில் தந்து, கல் நிற்கும் ஊருக்குச் செல்லும் பேருந்து எண்ணையும் எழுதிவையுங்கள்.