நோட்டீஸ் பார்த்து வந்தாங்களா, இன்ஸ்டா பார்த்து வந்தாங்களா?

2,000 நோட்டீஸ் விநியோகிச்சு, கூடவே இன்ஸ்டாகிராம் விளம்பரமும் போட்டும், தையல் கடைக்கு எதைப் பார்த்து ஆள் வர்றாங்கன்னு தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுலயும் ஒரே லிங்க், ஒரே சலுகை. அப்புறம் எப்படிங்க பிரிச்சுப் பார்க்கிறது?

நோட்டீஸ், வாசல் பலகை, இன்ஸ்டா மூணுக்கும் தனித்தனி யூடிஎம் (ஆள் எங்கேருந்து வந்தாங்கன்னு சொல்ற, லிங்க் கடைசியில ஒட்டுற குறிப்பு) சேர்த்த லிங்க் வைங்க; நோட்டீஸ்லயும் பலகையிலயும் அதை க்யூஆரா அச்சடிங்க. தளத்துக்கு வர்றவங்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ் பிரிச்சுக் காட்டும். ஆனா ஸ்கேன் பண்ணாம நேரா நடந்து வர்றவங்க அதுல சிக்கமாட்டாங்க. அவங்களுக்கு நோட்டீஸ்ல ஒரு சொல், இன்ஸ்டாவுல வேறொரு சொல் போட்டு, "இதைச் சொன்னா ஃபால்ஸ் தைக்கிறது இலவசம்"னு அறிவிங்க. பில் போடறப்பவே அந்தச் சொல்லை நோட்டுல குறிச்சிடுங்க. நான் மாசக்கணக்கா "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?"ன்னு வாயால கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்"னுட்டாங்க.

நோட்டீஸ் க்யூஆரை ஸ்கேன் பண்றவங்களை இன்ஸ்டா பக்கத்துக்கு அனுப்பாதீங்க. நோட்டீஸைக் கையில வச்சிருக்கவருக்கு வேண்டியது கூலியும் கடை நேரமும்தான். உங்க தளத்துலயே சின்னதா ஒரு பக்கம், அதுல ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதும். அச்சான சாதா க்யூஆர்ல முகவரியை மாத்தவே முடியாது. சொந்தத் தள முகவரின்னா உள்ளே இருக்கிறதை எப்ப வேணா மாத்திக்கலாம். பலகை க்யூஆருக்கு, பத்தடி தூரத்துக்கு ஓரடி அகலம்னு கணக்கு வச்சுக்கோங்க.