ஆயில் எங்கே போகிறது?

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 2010-இல் தயாரான சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டர் 1,12,000 கி.மீ. காட்டுகிறது. வாங்கியவுடன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அதன்பின் 1,500 கி.மீ. ஓடியிருந்த நிலையில், குடும்பத்துடன் கொல்லிமலை ஏறியபோது, வளைவுகளில் மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. நேர்ச்சாலையில் எரியாததால் தொடர்ந்து ஓட்டிவிட்டேன். வீடு திரும்பிப் பார்த்தால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் இல்லை. ஒன்றேகால் லிட்டர் ஊற்றிய பிறகே மேல் கோட்டைத் தொட்டது. “பழைய வண்டி ஆயில் குடிக்கத்தான் செய்யும், கெட்டி ஆயில் போட்டால் நின்றுவிடும்” என்கிறார் மெக்கானிக். இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்கிறார் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது? – நாமக்கல் வாசகர்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கக்கூடும், ஆனால் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமலேயே இருவரும் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்கு முன், மலையில் நீங்கள் செய்தது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று. ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதைக் காட்டுவது. இன்ஜினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சி, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் அனுப்புகிறது. பேரிங்கும் ஷாஃப்டும் ஒன்றையொன்று தொடாமல், இடையில் தலைமுடியினும் மெல்லிய ஆயில் படலத்தின் மீது சுழல்வதற்கு இந்த ஓட்டம் அறுபடாமல் இருக்க வேண்டும். தொட்டியில் ஆயில் பாதியாகிவிட்ட காரில், சமதளத்தில் உறிஞ்சு குழாயின் வாய் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்கும். அதனால் விளக்கு எரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் கார் சரிந்து திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கிறது, விளக்கு எரிகிறது. நேரானதும் அணைகிறது. ஆக, விளக்கு எரிந்த ஒவ்வொரு நொடியும் உங்கள் இன்ஜினின் பேரிங்குகள் போதிய ஆயிலின்றி ஓடியிருக்கின்றன. இனி அந்த விளக்கு ஓடும்போது எரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ஆயில் முழு அளவுக்கு வந்த பிறகும் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை கேட்டாலோ, காரை ஓட்டாமல் ஏற்றிச் செல்லுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் கார் போன்ற சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதில் ஒன்றேகால் லிட்டர் 1,500 கி.மீ.க்குள் போய்விட்டது என்றால், அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ.யில்தானே என்று மூடியைத் திறக்காமல் ஓட்டியிருந்தால், 4,000 கி.மீ.க்குள் தொட்டியே வறண்டிருக்கும். ஆனால் ஒரே ஒருமுறை அளந்ததை வைத்து இன்ஜினைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆயில் மாற்றிய அன்று உண்மையிலேயே மேல் கோடு வரை ஊற்றினார்களா என்பதை நீங்கள் பார்த்தீர்களா? 3 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் இரண்டரை லிட்டர் ஊற்றி அனுப்பும் ஒர்க்ஷாப்புகளும் உண்டு.

ஆகவே ஒரு சிறிய நோட்டை டேஷ்போர்டில் வையுங்கள். ஞாயிறுதோறும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், ஒரே சமதளத்தில் நிறுத்திய நிலையில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். முதல் முறை உருவியதும் தெரியும் அளவை நம்பக் கூடாது. குழாயின் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் அதில் தடவியிருக்கும். மீட்டர் எண்ணையும் ஊற்றிய அளவையும் தவறாமல் எழுதுங்கள். 1,000 கி.மீ. முடிந்ததும் உங்களுக்கு ஓர் உண்மையான எண் கிடைத்துவிடும். மெக்கானிக்கும் மைத்துனரும் வாதிடுவதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

அந்த 1,000 கி.மீ.க்குள் ஒழுக்கைத் தேடுங்கள். இரவில் இன்ஜினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். சொட்டே விழாவிட்டாலும் ஒழுக்கு இல்லை என்று பொருளாகாது: இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கிலிருந்து கசியும் ஆயில், சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்து அங்கேயே பொசுங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது தீய்ந்த வாடை அடிப்பது அதற்கு அடையாளம். ஆயில் ஃபில்டரின் அடி, டிரெயின் பிளக், அழுத்த ஸ்விட்ச், கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிய பின் மறுபடி பார்த்தால் எது ஈரமாகிறது என்பது விளங்கும். இவற்றில் பெரும்பாலானவை ரப்பர் காய்ந்து இறுகியதால் வருபவை, செலவும் குறைவு.

ஒழுக்கு இல்லையென்றால் ஆயில் எரிகிறது. எரியும் ஆயிலின் புகை நீலநிறமாக இருக்கும்; கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது என்று பொருள், அது வேறு நோய். நீலப் புகை எப்போது வருகிறது என்பதைக் கொண்டே பாதி நோயை அறிந்துவிடலாம். நீங்கள் மலைச்சாலைக்குப் பக்கத்தில் இருப்பது இதற்கு வசதி. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது, இன்ஜினுக்குள் வெற்றிடத்தின் உறிஞ்சல் அதிகமாகி, வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால் அவற்றின் வழியே ஆயில் உள்ளே கசியும். இறக்கம் முடிந்து மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஒரு நீலமேகம் எழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் வால்வு சீல்தான். (ஆயிலை மேல் கோட்டில் வைத்துக்கொண்டு, பின்னால் வேறொரு வண்டியில் ஒருவரை வரச்சொல்லிப் பார்க்கவும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மலை இறங்க வேண்டாம்.) காலையில் முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும் புகையும் அதையே சொல்கிறது. மாறாக, ஏற்றத்தில் பாரத்துடன் முக்கி ஏறும்போது புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைக்கும் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தை உறுதிசெய்யப் பழைய சோதனை ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் காம்ப்ரஷனையும், அதாவது உள்ளே காற்று அமுக்கப்படும் அழுத்தத்தையும், அளந்த பின், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். விட்ட ஆயில் ரிங்குகளைச் சுற்றி அடைத்துக்கொள்வதால், எண் நன்றாக உயர்ந்தால் தேய்ந்தவை ரிங்குகள்; உயரவே இல்லையென்றால் வால்விலோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் “இன்ஜினை இறக்கலாம்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதற்கும் முன்னதாக, பிசிவி வால்வு என்னும் சின்னஞ்சிறு பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை எடுத்து மீண்டும் எரிப்பதற்கு அனுப்பும் வழி இது. இது பிசுக்கேறி அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் கூடி நல்ல சீல்களின் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வாயுவுடன் ஆயிலையும் உறிஞ்சி எரிக்கும். ரிங் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை என்பதால்தானோ என்னவோ, பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

கெட்டி ஆயிலைப் பற்றி: 10W-30 என்பதில் W என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, அதற்கு முன்னுள்ள எண் குளிர்நிலையில் ஆயில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. உங்கள் காரின் கையேட்டில் வெப்பநிலைக்கேற்ற ஆயில் அட்டவணை இருந்து, அது 20W-40 வகையை அனுமதித்தால், நம் ஊர் வெயிலில் அதை ஊற்றுவதில் பிழையில்லை. நுகர்வும் ஓரளவு குறையலாம். அட்டவணையில் இல்லாததை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே உள்ள பாகங்களுக்கு ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். எப்படியாயினும் கெட்டி ஆயில் மருந்தன்று, கட்டுத்துணிதான்.

முடிவாக எதைச் செய்வது என்றால், என் அளவுகோல் இது. 1,000 கி.மீ.க்கு 300 மி.லி.க்குள் குறைந்தால், ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள். ஓட்டம் குறைவான பழைய காருக்கு அதுவே சிக்கனம். அரை லிட்டரைத் தாண்டினால் பிசிவி வால்வும் வால்வு சீல்களும் பார்க்கப்பட வேண்டும். பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்தபடி சீல் மாற்றிவிடலாம். முக்கால் லிட்டருக்கு மேல் போய், சோதனையும் ரிங்கைக் காட்டினால், மைத்துனர் சொன்னதற்கு வந்துவிடுகிறோம். அப்போதும், வேலைக்கான செலவையும் காரின் இன்றைய விலையையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். எரியும் ஆயில் புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் நாளடைவில் கெடுக்கும் என்பதை அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயில் குறைந்திருந்தபோது கைவசம் வேறு கம்பெனி ஆயில்தான் இருந்தது. கலந்து ஊற்றிவிட்டேன். அவசரத்தில் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை அதிகமாகிவிட்டது. கெடுதல் உண்டா? – மதுரை வாசகர்

பதில்: முதலாவதற்குக் கவலை வேண்டாம். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரமுத்திரை பெற்ற இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. கியர் ஆயிலையும் டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கான 2டி ஆயிலையும் மட்டும் ஊற்றக் கூடாது. இரண்டாவதுதான் சரியில்லை. ஆயில் மிகையானால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலால் அழுத்தமும் நிற்காது, படலமும் நிற்காது. டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தியோ, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சியோ மிகுதியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, அளந்து, பிறகு அடுத்த கால் லிட்டர் என்று போங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். ஆயில் குடிக்கும் வண்டியை விற்பவர் மறைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால், காலைப் புகையை உங்களுக்கு முன்பே யாரோ வெளியேற்றிவிட்டார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் புத்தம் புதிதாகப் பொன்னிறத்தில் மின்னினால் மகிழ வேண்டாம். எப்போது, எந்த கிரேடு மாற்றினார்கள் என்று கேட்டு பில்லைப் பாருங்கள், ஏனெனில் புகையை ஒரு வாரம் அடக்கி வைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய தந்திரம். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கலந்திருக்கக்கூடும் என்பதால் விலையே பேசாமல் திரும்பிவிடலாம். குறையொன்றும் தெரியாவிட்டால் ஸ்டார்ட் செய்து பின்னால் நின்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் சிறிது காற்று வருவது இயல்பு. ‘புஸ் புஸ்’ என்று புகையாகத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கடைசியாக இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. ஈரமான கரும்பிசுக்கு படிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் ஆயிலை எரிக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அவர் பதில் சொல்லிவிட்டார்.